ம் கொட்டாத அக்கா

அக்காவிடம் எதைச் சொன்னாலும் ‘ம்’ கொட்ட மாட்டார். சொல்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லி முடித்த பிறகும் இரண்டு மூச்சு நேரம் பேசாமல் இருப்பார். அதற்குப் பிறகுதான் பதில் வரும். புதிதாகப் பேசுகிறவர்கள் பாதியிலேயே தடுமாறிவிடுவார்கள். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் வருமா வராதா என்று காத்திருக்கிற மாதிரி இருக்கும்.

நம் ஊரில் இப்படி ஒருவர் காலம் தள்ளுவது கஷ்டம். யார் என்ன சொன்னாலும் மூன்று வார்த்தைக்கு ஒரு ‘ம்’ போட்டாக வேண்டும். கதை கேட்டாலும் ‘ம்’, திட்டு வாங்கினாலும் ‘ம்’, போனில் சாவுச் செய்தி வந்தாலும் ‘ம்’. போடாவிட்டால், “என்னப்பா, காதுல விழுதா இல்லையா?” என்று சொல்கிறவருக்குக் கோபம் வந்துவிடும். அக்கா அந்த ஓர் எழுத்தைத் தன் வாயிலிருந்து எடுத்தே போட்டிருந்தார்.

காரைக்குடியில் ஓர் எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் சார் என்று நாங்கள் கூப்பிடும் முதலாளியைத் தவிர ஒன்பது பேர், ஒரு இன்வெர்ட்டர், ஒரு தண்ணீர் கேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது வேலை. அக்காதான் எங்கள் டீம் லீடு. எனக்கு ஆறேழு வயது மூத்தவர். பேச்சைக் கேட்டால் ஆசிரியர் வீட்டுப் பெண் என்று தெரியும். அப்பா அம்மா இரண்டு பேருமே வாத்தியார்கள். என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா கண்டரமாணிக்கம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார்.

‘ம்’மைப் போலவே, ‘லாம்’ என்று முடிகிற பேச்சும் அக்காவுக்கு ஆகாது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரோடு தையல்கடைக்குப் போயிருந்தேன். டெய்லர் துணிக்குவியலுக்குள் கையை விட்டுத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நடித்துவிட்டு, “வெள்ளிக்கெழம தந்துரலாம்க்கா” என்றார்.

“தந்துரலாம் வேணாம். தருவேன்னு சொல்லுங்க. இல்லாட்டி தர மாட்டேன்னு சொல்லுங்க.”

“என்னக்கா இது, தந்துரலாம்ங்கிறேன்ல.”

“யாரு தரலாம்? நீங்களா, நானா?”

டெய்லர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் அவர் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, “வெள்ளிக்கெழம முடியாதுக்கா. இன்னும் வெட்டவே இல்ல. சனிக்கெழம சாயங்காலம் தருவேன்” என்றார்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. “இதத்தானண்ணே கேட்டேன். வெட்டலைன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் இம்புட்டு நேரம் வெயில்ல நிப்பேனா?”

சனிக்கிழமை சாயங்காலம் ரவிக்கை வந்தது, கொக்கி இல்லாமல். ஆபீசே சிரித்தது. “கொக்கியப் பத்தி நான் கேக்கல. அது என் தப்பு” என்றார் அக்கா, சிரிக்காமல்.

எங்களோடு டெஸ்டிங்கில் இருந்த அருள், அக்கா போகிற மாதா கோயிலுக்கே போகிறவன். அவன்தான் பெண் பார்க்க வந்த கதையைச் சொன்னான். மாப்பிள்ளை வீட்டார் சிவகங்கையிலிருந்து வந்தார்களாம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு மணி நேரம் விடாமல் பேசினாராம். தன் பையன் காபியில் சர்க்கரை போடாதது முதல், பங்குச்சாமியார் தங்கள் வீட்டில் சாப்பிட்டது வரை. அக்கா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு சத்தம் கிடையாது. அந்த அம்மா கடைசியில் பக்கத்தில் இருந்த கணவரிடம், “ஏங்க, பொண்ணுக்குப் பேச்சு வருமா?” என்று கேட்டுவிட்டாராம்.

இரண்டு மூச்சு நேரம் கழித்து அக்கா சொன்னாராம்: “நீங்க முடிக்கட்டும்னுதான் இருந்தேன் அத்தை. கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகக் கூடாதுன்னு நடுவுல ஒண்ணு சொன்னீகள்ல, அதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லணும். போவேன்.”

அவர்கள் கேசரியை முடிக்காமல் எழுந்து போனார்களாம். “அந்த எடத்துல ஒரு ‘ம்’ போட்டிருந்தா இன்னைக்கி ரெண்டு புள்ள” என்று அருள் சொல்வான். அக்காவின் காதுபடவே சொல்வான். அக்கா அவனைப் பார்ப்பார். அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வான்.

இனி என் கதையையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

எனக்கு இங்கிலீஷ் எழுதினால் புரியும். பேசினால் பாதிதான் புரியும். மீதிப் பாதியை நான் ‘ம்’மால் நிரப்பிப் பழகியிருந்தேன். பள்ளிக்கூடத்தில், “புரிஞ்சுதா?” என்று கேட்டால் ஐம்பது பேரும் சேர்ந்து ‘ம்ம்ம்’ என்போம். அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ள நல்ல இடம் இருந்தது. கல்லூரியிலும் அப்படியே கழிந்தது. வீட்டில் பேங்க் கடிதமோ ஆஸ்பத்திரிச் சீட்டோ வந்தால் என்னிடம்தான் நீட்டுவார்கள். அப்பா, “என்ன போட்டிருக்கு, வெளங்குதா?” என்பார். விளங்காவிட்டாலும் ‘ம்’ என்பேன். படித்த பிள்ளை எப்படி இல்லை என்பது?

அப்போது எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பெரிய கிளையண்ட், லண்டன் பக்கம் பள்ளிச் சீருடை விற்கிற கம்பெனி. ஒருநாள் அக்கா தன் அப்பாவின் பென்ஷன் விஷயமாகச் சிவகங்கைக்குப் போயிருந்தபோது அவர்களிடமிருந்து போன் கால் வந்தது. நான்தான் எடுத்தேன். எதிர்முனையில் இருந்தவர் மில் பெல்ட் ஓடுகிற மாதிரி நிற்காமல் பேசினார். நான் ‘ம்’ போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் மிகவும் சந்தோஷமாக நன்றி சொன்னார். நானும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அளவு சேராத சட்டையைத் திருப்பி அனுப்புகிற வசதியைப் பள்ளி திறப்பதற்குள் செய்து தருகிறீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். நான் ‘ம்’ என்றிருக்கிறேன். அவர்கள் அதை நம்பி விளம்பரமே கொடுத்துவிட்டார்கள். நாங்கள் அதில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பள்ளி திறந்தது, அவர்கள் போய்விட்டார்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, அந்த காலின் பதிவைப் போட்டார். என் ஒவ்வொரு ‘ம்’முக்கும் நிறுத்தினார்.

“இது புரிஞ்சு சொன்னியா தம்பி, ம் கொட்டுனியா?”

“ம் கொட்டுனேங்க்கா.”

ஓடவிட்டார். நிறுத்தினார். “இது?”

“இது புரிஞ்சுச்சுக்கா.”

“இது?”

“ம் கொட்டுனேன்.”

பதினேழு ‘ம்’. அதில் மூன்றுதான் புரிந்து சொன்னது. கடைசி ‘ம்’முக்கு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “அவரு பேசுனது வேகந்தான். எனக்கே ரெண்டு எடம் வெளங்கல” என்றார். அதைப் பேப்பரில் குறித்தும் வைத்துக்கொண்டார். ஆறுதல் சொல்லாதது அன்றைக்கு வலித்தது. அந்த இரண்டு இடங்களை அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை என்பது வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் உறைத்தது.

சார் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை என்று ஆரம்பித்தவர் அவர். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் ‘பண்ணிரலாம்’ என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே பதில். அன்றைக்குச் சொன்னார்: “அடுத்த மாசத்துக்குள்ள புது கிளையண்ட் வரலைன்னா கம்பெனியச் சாத்திரலாம்ப்பா.”

“சாத்துவீகளா சார், சாத்திரலாமா?” என்றார் அக்கா.

சார் தலையைக் குனிந்துகொண்டார். “சாத்துவேம்மா.”

அவர் வாயிலிருந்து ‘லாம்’ இல்லாமல் ஒரு வாக்கியம் வந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

அந்த மாதம்தான் அப்பாவுக்கு மில்லில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. நான் வீட்டில் இருந்துகொண்டு, அக்காவிடம் இரண்டு நாள் லீவை நானே கேட்காமல் போனை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா நீளமாக ஆரம்பித்தார். “அம்மா, நான் தம்பியோட அப்பா பேசுறேன். மூட்டையத் தூக்குனனா… அலோ? அலோ, லைன்ல இருக்கியாம்மா?”

“இருக்கேங்கய்யா. சொல்லுங்க.”

“தூக்குனனா, அப்பிடியே ஒரு வெட்டு… அலோ?”

“இருக்கேங்கய்யா.”

ஐந்தாவது ‘அலோ’வுக்குப் பிறகு அப்பா போனை என்னிடம் நீட்டினார். “என்னப்பா இந்தப் புள்ள, செவுத்துக்கிட்டப் பேசுற மாதிரி இருக்கு.” அன்று மாலையே அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. எலும்பு டாக்டர் பெயர், எந்தக் கிழமை வருவார், எக்ஸ்ரே எங்கே எடுப்பது, கூடவே கடைசி வரியாக: ‘வலி இடது காலுக்கு இறங்குதுன்னு அப்பா சொன்னாக. அதை டாக்டர்ட்ட மறக்காமச் சொல்லு.’ காலுக்கு இறங்குவதாக அப்பா சொன்னது எனக்குக் காதிலேயே விழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் லீவு முடிந்து வந்த வாரம்தான் ஸ்வீடன் வந்தது.

ஸ்வீடனின் வடக்கே ஏதோ ஒரு குளிரான ஊர். வயதானவர்களின் வீட்டுக்கே போய் மருந்து கொடுத்துவிட்டு வருகிற நர்சுகளின் நிறுவனம். எந்த நர்ஸ் எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும், பனியில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அடுத்து யார் போவது என்று சொல்கிற சாஃப்ட்வேர் அவர்களுக்கு வேண்டும். கொச்சியில் ஒரு கம்பெனி, வியட்நாமில் ஒரு கம்பெனி, எங்கள் கம்பெனி. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர், கண்ணாடி போட்ட, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மா.

முதல் காலின்போது அக்கா இல்லை. அவருடைய அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். சார் பேசினார், நானும் அருளும் பக்கத்தில் இருந்தோம். ‘எங்கள் ஊர்’ என்று போட்டு, கானாடுகாத்தான் பங்களா ஒன்றின் படத்தை சார் முதலில் காட்டினார். அந்த நேரம் பார்த்து கீழே கடையில் லாரியிலிருந்து அண்டா இறக்கினார்கள். அந்த அம்மா என்னமோ கேட்டார். எங்கள் யாருக்கும் காதில் விழவில்லை. சார், “ம், ம்” என்று தலையை ஆட்டினார்.

பிறகு சார், வேலையைப் பதினாறு வாரத்தில் முடிப்போம் என்றார். அந்த அம்மா வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தார். ‘ஷுப்’ என்று ஒரு சத்தம். கொதிக்கிற காபியைத் தெரியாமல் உறிஞ்சியவர் மாதிரி.

சாருக்கு வேர்த்துவிட்டது. “பதினாலு வாரத்துலயும் பண்ணலாம்” என்றார்.

‘ஷுப்.’

“பன்னெண்டு!”

‘ஷுப்.’

பத்து வாரத்துக்கு வந்து நின்றார். அந்த அம்மா அதற்கும் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு விடைபெற்றார். சார் நாற்காலியில் சாய்ந்தார். “என்னய்யா இது, நான் கொறைக்கக் கொறைக்க அந்தம்மா பதறுது?”

“இன்னொரு ரெண்டு வாரம் கொறைச்சிருக்கணும் சார்” என்றான் அருள்.

மறுநாள் அக்கா வந்து பதிவைக் கேட்டார். முதல் ‘ஷுப்’பில் நிறுத்தினார். திரும்பப் போட்டார். நான்கைந்து தடவை.

“இது என்ன சத்தம்?”

“பயந்துட்டாகம்மா” என்றார் சார்.

“கேட்டீகளா?”

“எத?”

“இது என்ன சத்தம்னு அவுககிட்டக் கேட்டீகளா?”

“ஏம்மா, மூச்சு வுடுறதப் போயி ஏன் எதுக்குன்னு ஒரு கிளையண்ட்டுகிட்டக் கேக்க முடியுமா?”

அக்கா பங்களா படத்துக்கு ஓட்டிப்போய், அண்டாச் சத்தத்துக்கு நடுவே அந்த அம்மா கேட்டதை ஹெட்போனில் பிடித்தார். ‘இதுதான் உங்கள் அலுவலகமா?’ என்பதுதான் கேள்வி. சாருடைய பதில்தான் உங்களுக்குத் தெரியுமே.

இரண்டாவது கால் அடுத்த வாரம். அந்த அம்மா முதலில் தன் நர்சுகளைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னார். அக்கா வழக்கம்போல அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அந்த அம்மா நிறுத்தி, ‘இருக்கிறீர்களா? இணைப்பு போய்விட்டதா?’ என்று கேட்டார். ‘இருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றார் அக்கா. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. மேசைக்கு அடியில் சார் என் தொடையைக் கிள்ளினார். ஒரு ‘எஸ்’ போடச் சொல்லுப்பா என்று அர்த்தம். அதை அக்காவிடம் யார் சொல்வது?

அந்த அம்மா முடித்தார். இரண்டு மூச்சு. பிறகு அக்கா தன் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களில் கேட்டார்: “போன வாரம் நீங்கள் மூச்சை உள்ளே இழுத்தீர்கள். நான்கு தடவை. அதற்கு என்ன அர்த்தம்?”

சார் கண்ணை மூடிக்கொண்டார்.

திரையில் அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். தங்கள் ஊர்ப்பக்கம் ‘ஆமாம்’ என்பதை அப்படித்தான் சொல்வார்கள், சொல்கிறோம் என்று தங்களுக்கே தெரியாது என்றார். ஒரு தடவை செய்தும் காட்டினார். ‘ஷுப்.’ ‘இத்தனை வருடமாக எத்தனையோ நாட்டுக்காரர்களோடு பேசியிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை’ என்றார்.

‘அப்படியென்றால் நீங்கள் பதினாறு வாரத்துக்கே ஆமாம் சொல்லிவிட்டீர்கள்’ என்றார் அக்கா.

‘ஷுப்.’

‘எங்கள் சார் அதைப் பயம் என்று நினைத்துப் பத்து வாரமாகக் குறைத்துவிட்டார். பத்து வாரத்தில் எங்களால் முடியாது. பதினாறு வேண்டும்.’

சார் இப்போது கண்ணைத் திறந்தார், வாயையும்.

அக்கா விடவில்லை. ‘சார் காட்டிய படத்தைப் பார்த்து இதுதான் அலுவலகமா என்று கேட்டீர்கள். சார் ம் என்றார். எங்கள் ஊரில் ம் என்றால் ஆமாம் இல்லை. காதில் விழுகிறது என்று அர்த்தம். சில நேரம் அதுகூட இல்லை. எங்கள் அலுவலகம் இதுதான்’ என்று லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். கீழே வெயிலில் குடங்களும் தூக்குகளும் பளபளத்தன. ஒரு பையன் சைக்கிளில் வாளிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். ‘லாரி வந்தால் சத்தமாக இருக்கும். அப்போது திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்போம்.’

‘எங்கள் ஊரில் பனி அள்ளுகிற வண்டி வந்தால் இதேபோலத்தான்’ என்றார் அந்த அம்மா. பிறகு, ‘ம்’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ‘சரியாகச் சொல்கிறேனா?’

‘இன்னும் கொஞ்சம் கவனமில்லாமல் சொல்ல வேண்டும்’ என்றார் அக்கா.

கால் முடிந்ததும் சார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். “போச்சு” என்றான் அருள். “பங்களாவயும் புடுங்கியாச்சு, பத்து வாரத்தையும் புடுங்கியாச்சு. இனிமே யாரு வருவா?” அந்த மூன்று நாளும் அக்காவோடு யாரும் சரியாகப் பேசவில்லை. நானும்தான். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதற்கு நடுவில் நான் அந்த அம்மாவுக்கு மெயிலில் பனியைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன், அக்காவுக்கும் ஒரு நகல் போட்டு.

மூன்றாவது காலில் அந்த அம்மா எங்களையே தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார். அருள் மேசையை ஓங்கித் தட்டிவிட்டு, கையை உதறிக்கொண்டான். சார் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

‘ஒரு கேள்வி’ என்றார் அந்த அம்மா. ‘எங்கள் பக்கத்தில் ஒரு டீம் லீடு இருக்கிறார், தினமும் உங்கள் ஆட்களோடு பேசுவார். இந்த வேலைக்கு உங்களிடமிருந்து எத்தனை பேர் வேண்டும்?’

சார் ஒரு பேப்பரில் ‘9’ என்று பெரிதாக எழுதி அக்காவின் பக்கம் தள்ளினார். நாங்கள் ஒன்பது பேர். அக்கா அதைப் பார்த்தார். இரண்டு மூச்சு.

“எட்டு” என்றார்.

ஒன்பதில் ஒன்று போனால் அது யார் என்று அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சீருடைக் கம்பெனியைத் தொலைத்தவன் நான்தானே. அந்த நிமிடமே அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டேன்.

யார் யார் என்று அந்த அம்மா கேட்டார். அக்கா பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். அருள் பெயர் வந்தது. ஆறு, ஏழு. எட்டாவதாக என் பெயர் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்.

‘நீங்கள்?’ என்றார் அந்த அம்மா.

‘உங்களிடம் லீடு இருக்கிறார். இரண்டு லீடு வேண்டியதில்லை.’

கால் முடிந்ததும் சார் அந்தப் பேப்பரைக் கையில் எடுத்தார். “ஏம்மா, ஒன்பதுன்னு எழுதித்தானே தந்தேன். இப்பிடி ஒங்களையே நீங்க கழிச்சுக்கிட்டீகளே.”

“எத்தன பேரு வேணும்னு கேட்டாக சார். எத்தன பேரு இருக்கோம்னு கேக்கல.”

“வேற ஏதாச்சும் வேல போட்டு ஒங்கள வச்சுக்கிரலாம்மா.”

“வச்சுக்குவீகளா?”

சார் அந்தப் பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் அக்காவைப் படிக்கட்டில் மறித்தேன். “எனக்காகவாக்கா இப்பிடிச் சொன்னீக?”

“ஆசயப் பாரு” என்றார். “ஒனக்காக இல்ல. பனி வுழுந்தா எத்தன நேரத்துக்கு ஒரு தடவ ரோட்டச் சரிபண்ணுவாகன்னு அந்தம்மாகிட்ட மெயில்ல நீ கேட்டேல்ல? அத வச்சுத்தான் ஒன் பேரச் சொன்னேன். அந்தக் கேள்வி எனக்குத் தோணல.” இரண்டு படி இறங்கினவர் திரும்பினார். “நீ கேக்காம இருந்திருந்தா ஒன் பேரச் சொல்லியிருக்க மாட்டேன். அதையும் தெரிஞ்சுக்க.”

எல்லாவற்றையும் எங்களிடம் ஒப்படைக்க அவருக்கு இரண்டு மாதம் ஆனது. அதற்குள் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. ஒவ்வொரு காலுக்குப் பிறகும் ‘நாங்கள் புரிந்துகொண்டது இது’ என்று ஒரு மெயில் அனுப்புவது அவர் வழக்கம். அந்த வேலையை என் தலையில் கட்டினார். இன்றைக்கும் நான்தான் அனுப்புகிறேன். ஸ்வீடன்காரர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அந்த அம்மா இப்போது ‘ம்’ போடுவதில் எங்களையே மிஞ்சிவிட்டார்.

கடைசி நாளன்று கீழ்க்கடையிலேயே ஒரு டிபன் கேரியர் வாங்கிக் கொடுத்தோம். பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம் அல்லவா, அருள் போய் வெட்டிக்கொண்டு வந்தான். பார்த்தால், அக்கா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ம்’ என்று ஒற்றை எழுத்து, பூ வேலைப்பாட்டோடு. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொக்கியை இரண்டு தடவை போட்டு எடுத்து, “இதுக்குக் கொக்கி சரியா இருக்கு” என்றார். அப்போதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மத்தியான வெயில். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. வெளியிலிருந்தே கேட்டேன்.

“திரும்பி நம்ம ஆபீசுக்கு வருவீகளாக்கா?”

என் முகத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. வண்டி நகர ஆரம்பித்தது.

“ம்” என்றார்.

புரிஞ்சு சொன்னீகளா, ம் கொட்டுனீகளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார்.